ஆறாவது அறையின் கறை

பீங்கானில் படிந்த கறையைப் போக்குவது பெரிய வித்தை இல்லை. எல்லோரும் தேய்க்கத்தான் அவசரப்படுகிறார்கள். முதலில் ஊற விட வேண்டும். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, இந்த வேலையில் அது நூற்றுக்கு நூறு சரி. வருஷக்கணக்காக உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி வைத்த கறையை ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட முடியுமா? முதல் நாளே மருந்தை ஊற்றி வைத்துவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாதிக்கறை தானாகவே இளகிக் கிடக்கும்.

எங்கள் நல்கொண்டா பக்கத்துத் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பிள்ளைகளின் பல்லும் கழிப்பறைப் பீங்கானும் ஒரே நிறம். பல்லை நான் ஒன்றும் செய்ய முடியாது. பீங்கானையாவது வெள்ளையாக வைத்திருக்கலாம் என்று இருபத்திரண்டு வருஷம் பாடுபட்டிருக்கிறேன். பெயர் வேதவதி, பெண்கள் உறைவிடப் பள்ளியின் விடுதி வார்டன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம் இன்ஸ்பெக்டர் அம்மா, நான் நிதானமாகத்தான் பேசுவேன்.

யாதய்யாவை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வந்தேன். பன்னிரண்டு நாளாக அவன் உள்ளே இருக்கிறான். எங்கள் பள்ளியில் கழிப்பறை கழுவும் லச்சம்மாவின் வாயில் முந்தானையைத் திணித்து, மூச்சடைக்க வைத்து, புருஷனான அவனே கொன்றுவிட்டான் என்பது உங்கள் வழக்கு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகிவிட்டது. அவன் திணிக்கவில்லை. யாருமே திணிக்கவில்லை. முந்தானையை அவளே தன் வாயில் வைத்துக்கொண்டாள். அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்றுதானே பார்க்கிறீர்கள். முறையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் புரியும், எழுதுகிற அந்தத் தம்பிக்கும் சிரமம் இருக்காது.

மாவட்டத் தூய்மைப் பள்ளி விருதுக்காகக் குழு வருகிறது என்று ஒரு மாதம் முன்பே கடிதம் வந்துவிட்டது. எங்கள் கரஸ்பாண்டெண்ட் என்னைக் கூப்பிட்டார். "மேடம், பிள்ளைங்க மார்க்கு, விளையாட்டு எதுலயும் நாம முன்னால வந்தது கிடையாது. இதுலயாவது வந்தாத்தான் அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் இருக்கும். வந்துட்டா நீங்கதான் பிரின்சிபால்" என்றார். எனக்கு வயது ஐம்பத்தேழு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் என் பெயரை மேடையில் ஒருவரும் உச்சரித்ததில்லை. ஆசைப்பட்டேன். அது தப்பு என்று நான் இப்போதும் நினைக்கவில்லை.

விடுதியில் ஆறு கழிப்பறைகள். குழு வருகிறது என்றால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு நாள் முன்பே எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பூட்டிவிடுவோம். பிள்ளைகள் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னால் கருவேலங்காட்டுக்குப் போய்க்கொள்வார்கள். நூற்று நாற்பது பிள்ளைகள். ஒன்றிரண்டு பேருக்கு முள் குத்தும், பெரிய பிள்ளைகள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள். குழு போன பிறகு திறந்துவிடுவோம். இது நான் கண்டுபிடித்த வழக்கம் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சுத்தம் கண்ணில் பட வேண்டும், சுத்தம் செய்தவள் கண்ணில் படக் கூடாது. குழு வருகிற அன்று லச்சம்மாவைப் பின்பக்கமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அவளுக்கும் அது தெரியும். அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. நான் அவளிடம் ஏற்றத்தாழ்வு பார்த்ததில்லை. என் அறை வாசலில் உட்கார வைத்து டீ கொடுப்பேன். அவளுக்கென்றே தனியாக ஒரு டம்ளர் வைத்திருந்தேன், அதில் வேறு யாரும் குடிக்க விடமாட்டேன்.

முதல் ஐந்து அறைகளும் பளிச்சென்று வந்துவிட்டன. ஆறாவதுதான் அடங்கவில்லை. அதில் குழாய் நான்கு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பின்சுவரிலிருந்து அடிவரைக்கும் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. கல் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், பிளேடால் சுரண்டிப் பார்த்தாள். அதற்கு மேல் சுரண்டினால் பீங்கானின் மேல்பூச்சே போய்விடும், பிறகு எந்தக் காலத்திலும் வெளுக்காது.

"இத விட்டுடலாம்மா. அஞ்சு நல்லா இருக்குல்ல. இதப் பூட்டிட்டு, ரிப்பேர்னு ஒரு சீட்டு ஒட்டிடுங்க" என்றாள் லச்சம்மா.

"ஆறு இருக்குதுன்னு கடுதாசில எழுதிக் கொடுத்திருக்கேன். நாளைக்குக் காலைல வா, பாத்துக்கலாம்" என்றேன்.

மறுநாள் அவளுடைய அண்ணன் வீட்டில் விசேஷம். அண்ணன் மகள் பெரியவளாகியிருந்தாள், அத்தைக்காரிதான் முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். யாதய்யா வாசலில் நின்று கத்தினான். அவனைப் பற்றி நான் நல்லவிதமாகச் சொல்ல மாட்டேன். ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறான், சாயங்காலமானால் கள்ளு, கை நீட்டுகிற பழக்கமும் உண்டு. "அங்க உன் சொந்தமெல்லாம் காத்துக் கெடக்கு. இங்க எவளோ பேண்டதக் கழுவ ஓடி வந்திருக்க. இன்னிக்கு உள்ள போனேன்னா உசுரோட வெளிய வரமாட்ட, பாத்துக்க" என்றான். வாட்ச்மேன் கிஷ்டய்யா உங்களிடம் சொன்னது இதைத்தான். கோபத்தில் புருஷன் பெண்டாட்டி பேசுகிற பேச்சு அது. லச்சம்மா அதற்குச் சிரித்துக்கொண்டே சொன்னதைக் கிஷ்டய்யா சொல்லியிருக்க மாட்டான். "போய்யா, பத்து மணிக்கு முடிச்சிட்டு வந்துடுறேன். லேட்டாச்சுன்னா மத்தியானம் சாப்பாடாவது கொண்டாந்து குடு, கத்துனதுக்குப் பரிகாரமா" என்றாள்.

அன்று குழு இரண்டு மணிக்கு வருவதாகத்தான் பேச்சு. ஒன்பதரைக்கு நான் போய்ப் பார்த்தபோது கோடு அப்படியே இருந்தது. ஆசிட் ஊற்றியிருந்தாள். பிளீச்சிங் பவுடரையும் போடு என்றேன். அந்த இரண்டும் சேர்ந்தால் விஷப்புகை கிளம்பும், ஒன்றாகச் சேரக் கூடாது என்று எனக்குத் தெரியும். சாமான் அறைக் கதவில் அதை எழுதி ஒட்டியவளே நான்தான். லச்சம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த அட்டையைக் காட்டி அவளுக்கும் சொல்லியிருந்தேன்.

"ரெண்டும் ஒண்ணா கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

"கதவு தெறந்துதானே இருக்கு. கொஞ்ச நேரந்தானே" என்றேன்.

அப்போது கதவு திறந்துதான் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதினொன்று பத்துக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். சொல்லாமல் வந்து பார்ப்பதுதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனமாம். தலைவர் ரங்காராவ், ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, கூட இரண்டு பேர். கழிப்பறை வரிசையிலிருந்து பின்கதவுக்குப் போக வேண்டுமானால் முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். முற்றத்தில் அவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். லச்சம்மா முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் துணி கட்டி, கையில் பிரஷ்ஷோடு நிற்கிறாள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். நான் கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டுப் பூட்டினேன்.

பூட்டு என்று சொன்னதும் நிமிர்கிறீர்கள். யாதய்யா முதல் நாளிலிருந்தே அந்தக் கதவில் பூட்டு தொங்கியது என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது என்று நான் எழுதிக் கொடுத்தேன். கள்ளு குடிக்கிறவன் பேச்சா, வார்டனம்மா பேச்சா? நீங்கள் என்னை நம்பினீர்கள். உங்கள்மேல் குற்றமில்லை. இதோ, பூட்டு என் கைப்பையில்தான் இருக்கிறது. சாவியும் அதோடுதான் இருக்கிறது.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே ஒரு சின்ன வெளிச்சத் துவாரம் இருந்தது. ரோட்டுப் பையன்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று போன வருஷம் நானே பலகை வைத்து அடைத்துவிட்டேன். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகச் செய்தது.

வரவேற்புப் பாட்டு பாடினார்கள். லச்சம்மாவின் மகள் ரவளி எங்களிடம்தான் ஒன்பதாவது படிக்கிறாள். சம்பளம் வாங்காமல் நான்தான் சேர்த்துவிட்டேன். நல்ல குரல், அதனால் அவளைத்தான் முன்னால் நிறுத்தியிருந்தேன். இரண்டாவது அடி பாடும்போது வரிசைப் பக்கமிருந்து இருமல் சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. ரங்காராவ் சார் தலையைத் திருப்பினார். பாட்டு முடிந்ததும் இன்னொரு பாட்டு பாடச் சொன்னேன்.

"இன்னும் சத்தமா பாடும்மா. சாருக்குக் கேக்கல" என்று ரவளியிடம் சொன்னேன். அவள் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள்.

பன்னிரண்டே காலுக்குக் கழிப்பறைகளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு கதவாக நானே திறந்து காட்டினேன். ஐந்தாவதில் ரங்காராவ் சார் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல முகமே தெரியுது போலிருக்கே மேடம்" என்றார். இருபத்திரண்டு வருஷத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதும் என்று இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. பிறகு ஆறாவது கதவைக் காட்டி, "இது?" என்று கேட்டார்.

"சாமான் ரூம் சார். பினாயில் எல்லாம் வச்சிருக்கோம்."

"அதானே, நல்லா மருந்து வாசனை வருது" என்றார். ஆறு என்று நான் எழுதிக் கொடுத்ததை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. கூட வந்த அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. லச்சம்மா கெட்டிக்காரி, காலடிச் சத்தம் கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

அவர்கள் வராந்தாவில் உட்கார்ந்த பிறகு, தண்ணீர் பார்க்கிற மாதிரி நான் மட்டும் திரும்பி வந்தேன். மணி பன்னிரண்டே முக்கால் இருக்கும். கதவோடு வாயை வைத்து, "லச்சம்மா, இருமுறது முற்றம்வரைக்கும் கேக்குது" என்றேன்.

"தொண்டை எரியுதும்மா. கண்ணும் தெரியல. சித்த தொறங்க, சுவரோரமாக் குனிஞ்சு ஓடிப் போயிடுறேன்."

"எதிர்லயே உக்காந்திருக்காங்கடி. இன்னும் சாப்பாடுதான் பாக்கி. முந்தானைய வாய்ல வச்சுக்கோ. தட்டாத, கூப்பிடாத. நானே வந்து தொறக்குறேன்."

துணிக்குள் ஒருமுறை இருமியது கேட்டது. அப்புறம், "சரிம்மா. ரவளி நல்லாப் பாடுச்சா?" என்று கேட்டாள்.

"நல்லாப் பாடுச்சு" என்றேன்.

இதுதான் நடந்தது. முந்தானையைத் திணித்தது யார் என்று பன்னிரண்டு நாளாக நீங்கள் யாதய்யாவின் நகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் சொன்னேன், அவள் வைத்துக்கொண்டாள். இதில் பலவந்தம் எங்கே இருக்கிறது?

சாப்பாட்டுக்கு நாட்டுக்கோழி, புளிஹோரா சாதம், பருப்புப் பூரணம் வைத்த பக்ஷாலு. பக்ஷாலுவுக்கு நெய் போதவில்லை என்று சமையல்காரம்மா தகராறு செய்தாள், அதில் ஒரு பத்து நிமிஷம் போனது. நான் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக யாதய்யா தெரிந்தான். இடிந்த சுவர்ப் பக்கமாக உள்ளே வந்திருந்தான். கையில் டிபன் டப்பா. மணி ஒன்றரை. வரிசையில் நடந்து போய் ஒவ்வொரு கதவாகப் பார்த்தான். ஆறிலும் பூட்டு. "லச்சீ, ஏ லச்சீ" என்று கூப்பிட்டான். சத்தமாகக் கூப்பிடவில்லை, பெரிய மனிதர்கள் வந்திருப்பதைப் பார்த்துவிட்டான் பாவம். ஆறாவது கதவுக்கு முன்னால் கொஞ்சம் நின்றான். யாரும் குரல் கொடுக்கவில்லை. டப்பாவைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். சோள ரொட்டியும் புளிச்சக்கீரையும். காலையில் கத்தியவன் தானே சுட்டுக் கொண்டுவந்திருக்கிறான், ரொட்டி ஓரமெல்லாம் கருகியிருந்தது.

அந்த டப்பாவைத்தான் நீங்கள் சாட்சியமாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். அவன் கூப்பிட்டபோது லச்சம்மாவுக்குக் கேட்டதா என்பதை நான் நிறைய யோசித்துவிட்டேன். பேச முடியாமல் இருந்தாளா, கூப்பிடாதே என்று நான் சொன்னதற்காகப் பேசாமல் இருந்தாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் சொன்னால் கேட்கிற பெண் அவள்.

நாலு மணிக்குக் குழு கிளம்பியது. நான் பூட்டைத் திறந்து என் பையில் போட்டுக்கொண்டு, பிறகுதான் கிஷ்டய்யாவைக் கூப்பிட்டேன். அதற்குள் முடிந்துவிட்டது. முந்தானை வாயிலேயே இருந்தது. அதை எடுத்துவிட்டிருக்கலாம். ஒரு பிணத்தைத் தொடத் தயங்கினேன். அதனால்தான் யாதய்யாவுக்கு இந்தக் கஷ்டம், அந்த அளவில் என்மேல் தப்பு இருக்கிறது.

ஏன் இத்தனை நாள் கழித்து வந்தாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மாவட்டத்திலேயே முதல் பரிசு எங்களுக்கு. விழா முந்தாநாள்தான் நடந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், மேலே போய் வாங்கிக்கொண்டேன். அதற்கு முன்னால் நான் இங்கே வந்திருந்தால் நூற்று நாற்பது பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்ன ஆகும்? ஒருவனைப் பன்னிரண்டு நாள் கழித்தும் விடுவிக்கலாம். விருதை அப்படி ஒத்திப்போட முடியாது. நேற்று ஓய்வு எடுத்துக்கொண்டேன்.

இன்று வந்ததற்கு ரவளிதான் காரணம். தினமும் அவளுக்கு ஒரு முட்டை கூடுதலாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்று அதைச் சாப்பிடாமல் தட்டோடு என் அறைக்கு வந்து நின்றாள். "மேடம், நாயனா அம்மாவ அடிப்பாரு. ஆனா வாய்ல துணி வைக்கிற ஆளு இல்ல. நீங்க சொன்னா போலீஸ்ல கேப்பாங்க. ஒரு தடவ சொல்லுங்க மேடம்" என்றாள். தாய் இல்லாத பிள்ளை, தகப்பனும் இல்லாமல் ஆகிவிடக் கூடாது. சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுத்தால் தவற மாட்டேன், நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. பிரேதப் பரிசோதனையில் உயிர் போனது மூன்று மணிக்கு மேல் என்று போட்டிருக்கிறது, யாதய்யா வந்தது ஒன்றரைக்கு, கணக்கு இடிக்கிறதே என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். டாக்டர் எழுதியது சரிதான்.

இரண்டே முக்காலுக்கு நான் ஒருமுறை கதவைத் திறந்தேன். குழு வெற்றிலை பாக்கு போட்டுக்கொண்டிருந்தது, முற்றத்தில் யாரும் இல்லை. உள்ளேயிருந்து வந்த நெடியில் எனக்கே கண் எரிந்தது. லச்சம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் முதலில் பார்த்தது அவளை அல்ல. பீங்கானைப் பார்த்தேன். அந்தக் கோடு இருந்த இடமே தெரியவில்லை. மல்லிகைப் பூ மாதிரி இருந்தது. இருட்டில், கண் தெரியாமல், எப்படித்தான் தேய்த்தாளோ.

"நல்லா பண்ணிருக்கடி லச்சம்மா" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம் வந்தது. கையைத் தூக்கி என் சேலை நுனியைப் பிடித்தாள். அப்போது முன்பக்கமிருந்து, "மேடம், போட்டோ எடுக்கணும், சார் நிக்குறாரு, சீக்கிரம் வாங்க" என்று கரஸ்பாண்டெண்ட் கூப்பிட்டார். லச்சம்மா தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். போகாதே என்று அசைத்தாளா, பரவாயில்லை போ என்று அசைத்தாளா, வாயில் துணி இருந்ததால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. போ என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அவள் சுபாவம் அப்படி.

விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன், சேலை கசங்கவில்லை. கதவைச் சாத்தி மறுபடியும் பூட்டினேன். சத்தம் வராமல் மெதுவாகத்தான் பூட்டினேன் அம்மா, களைத்துப் போயிருந்தாள், அவளுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்று.